மூட்டைக்கு ஒரு முழம்

செனகல் நாட்டில் கெர் சீகா என்று ஓர் ஊர் உண்டு, அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்பார்கள், ஏனென்றால் அது வேர்க்கடலை விளைகிற ஊர், விளைந்த கடலை மூட்டையாகிக் கப்பலேறிச் சமுத்திரம் தாண்டுகிற அன்றைக்கு ஊரும் அதன் பின்னாலேயே மேற்கே பார்த்து நகர்ந்துவிடும், மூட்டைக்கு ஒரு முழம், கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

ஏன் நகர்கிறது என்று கேட்காதீர்கள். கடலைச் செடி பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மேலே பூத்து, பூ வாடினதும் விழுது விட்டு, விழுதை மண்ணுக்குள் இறக்கி அங்கே காய்க்கிற செடி. மற்ற ஊர்களில் செடியைப் பிடுங்கினால் மண் கையை விட்டுவிடுகிறது, கெர் சீகாவில் விடுவதில்லை, அவ்வளவுதான். இதை ஆராய்வதற்கென்று தலைநகரத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு நிபுணர் வந்து பதினெட்டு நாள் தங்கி, கோழிக்கறியாகத் தின்றுவிட்டு, திரும்பிப் போய் அறிக்கை எழுதி முடிப்பதற்குள் ஊர் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, தான் ஆராய்ந்த இடம் எது என்று எழுதத் தெரியாமல் மனுஷர் அந்த வேலையையே விட்டுவிட்டதாகக் கேள்வி.

ஐம்பது வருஷமாக நகர்கிற ஊருக்கு நகர்வது ஒரு விசேஷமே இல்லை. கப்பல் இன்ன தேதி கிளம்புகிறது என்று ரேடியோவில் சொன்னதும் பெண்கள் அடுப்பை அணைத்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள், ஆடுகளின் காலைக் கட்டுவார்கள், பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிறவர்கள் நம்மூர்ப் பாக்கு மாதிரியான கோலாக் கொட்டையை வாயில் அடக்கிக்கொள்வார்கள், பிறகு ஊர் ஒரு சின்ன உலுக்கலோடு கிளம்பி, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும், வீடும் வேலியும் வைக்கோலும் வயலும் குதிரை வண்டியும் பள்ளிவாசலும் அத்தனையும் சேர்ந்து, அலுங்காமல் குலுங்காமல் மேற்கே போகும். வழியில் இருக்கிற ஊர்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடும். அந்த ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று, “எங்கே, குடும்பத்தோட கிளம்பிட்டீங்க?” என்று கத்துவார்கள், இவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “இந்த வருஷம் நல்ல விளைச்சல், அதான் கொஞ்சம் தூரமாப் போறோம்!” என்று கத்துவார்கள்.

மண்ணோடு ஒட்டியது எல்லாம் கூட வரும். மரங்கள் வரும், எறும்புப் புற்று வரும், செத்தவர்கள் வருவார்கள், மண்ணோடு மண்ணாகிப் போனவர்கள் வராமல் இருப்பார்களா. ஊர் திரும்பாமல் நேராகவே போனதால் பள்ளிவாசலின் திசை மாறவில்லை, அது எல்லோருக்கும் பெரிய நிம்மதி. வராதது கிணறு ஒன்றுதான். கிணறு என்பது வெட்டி எடுத்துவிட்ட மண், இல்லாத மண்ணை யார் இழுப்பது? அதனால் கப்பல் போன மறுநாள் முதல் வேலை புதுக் கிணறு வெட்டுவது, தபால்காரர் பழைய கிணறுகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசிக் கிணற்றுக்கு அடுத்தாற்போல் ஊர் இருக்கும். மின்சாரக் கம்பம் மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் அவர்கள் கம்பம் நட்ட இடத்தில் ஊர் இல்லை, நாலாவது தடவை அந்த இலாகாக்காரர்கள், நீங்கள் ஒரு இடத்தில் உட்கார்ந்த பிறகு சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

தெனிங் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட கதையும் அப்படித்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் கெர் சீகா நகர்ந்து நகர்ந்து அவள் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது, நடுவில் ஒரு சோளக்காடுதான், லதீர் என்பவன் அந்தச் சோளக்காட்டைத் தாண்டி வந்து பெண் கேட்டான், அம்மா வீடு கூப்பிடு தூரத்தில்தானே என்று அவளும் தலையாட்டினாள். கல்யாணமான வருஷம் விளைச்சல் பிய்த்துக்கொண்டு போனது. அம்மா வீடு இப்போது ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது, இதைப் பற்றி அவள் லதீரைக் கேட்காத நாள் கிடையாது, அவனும் பதில் சொன்ன நாள் கிடையாது.

லதீரின் வீடு ஊரின் மேற்குக் கோடி வீடு. ஊர் உண்டான காலத்தில் மேற்குக் கோடிதான் காற்று வருகிற இடம், மரியாதைக்காரர்கள் குடியிருக்கிற இடம், அதனால் லதீரின் பாட்டனார் சண்டை போட்டு வாங்கிய இடம் அது. இந்தக் கதை நடக்கிற வருஷத்தில் அந்த வீட்டின் வாசலில் நின்றால் சமுத்திரம் தெரிந்தது. முதலில் ஒரு கோடாகத் தெரிந்தது, அப்புறம் வெள்ளையாக அலை தெரிந்தது, தெனிங் தனக்கென்று வைத்திருந்த துண்டு நிலத்தில் கடலைச் செடியின் இலை நுனியெல்லாம் உப்புக்காற்றில் கருகத் தொடங்கியது. மழை விட்டதும் ஊர்த் தலைவர் சேமூ கயிறு எடுத்துக்கொண்டு வந்து, பெரிய அலை தொட்டுவிட்டுப் போகிற இடத்திலிருந்து தெனிங்கின் வாசல்படி வரைக்கும் அளந்தார். சரியாக மூவாயிரம் முழம்.

அந்த வருஷ விளைச்சலோ நாலாயிரம் மூட்டை.

உள்ளூர்ச் சந்தையில் விற்றால், எண்ணெய் ஆட்டி விற்றால், இந்த நாட்டுக்காரர்களே தின்று தீர்த்தால் ஊர் அசையாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கப்பலுக்குக் கொடுத்தால் இரட்டை விலை. கூட்டம் போட்டார்கள். தகரக் கூரை மாற்ற வேண்டியவன், மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன், மெக்கா போக வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன், ஆளுக்கொரு பக்கம் பேச, கிழக்குக் கோடியில் வீடு வைத்திருந்த தலைவர் சேமூ கையைத் தூக்கினார்.

“ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது மூட்டை கப்பலுக்கு. அதுக்கு மேல ஒண்ணு ஏறக் கூடாது. மிச்சத்தை ஆட்டிக்கலாம், சந்தையில வித்துக்கலாம். இருபது முழம் பாக்கி இருக்கும் தெனிங், அதுல ரெண்டு ஆடு கட்டலாம்.”

“ஆடு கட்டலாம் தலைவரே. அலை உங்க வாசலுக்கு வந்திருந்தா நீங்க எத்தனை முழம் கேட்டிருப்பீங்கன்னுதான் யோசிக்கிறேன்,” என்றாள் தெனிங்.

சிரிப்பு எழுந்தது, தலைவரும் சிரித்தார், ஆனால் எண்ணிக்கை மாறவில்லை. அந்த வீட்டில்தான் தெனிங் நாலு பிள்ளைகளைப் பெற்றாள், அந்தச் சுவரை வருஷா வருஷம் தன் கையால் மண் குழைத்துப் பூசினாள், இருபது முழம் என்பது அவள் வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்குமான தூரம், தினமும் சாணி அள்ளப் போகிற தூரம். இருந்தாலும் ஊர் தனக்காக ஆயிரம் மூட்டையின் இரட்டை விலையை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது, அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

வாங்க வந்தவர் நம்ம ஆள். திண்டிவனத்துப் பக்கம் பொன்னுரங்கம் என்று பேர், சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்காக இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் கடலை வாங்குகிறவர், ஊருக்குள் எல்லோரும் அவரை ஏஜெண்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். காயை நாலு எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்ப்பார், பருப்பு கலகலவென்று சத்தம் போட்டால்தான் காய்ந்தது என்று அர்த்தம், பிறகு ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “எங்க ஊர்ல இதுக்கு மல்லாட்டைன்னு பேரு,” என்று யாரிடமாவது சொல்வார். அந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவான வோலோஃப் பாஷை அவருக்கு அரைகுறை, ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் பிழையில்லாமல் பேசக் கற்றிருந்தார்: “எனக்கும் உங்க ஊர்ப் பேர் ஒண்ணு வையுங்களேன்.” வெளியூர்க்காரன் நெருங்கிப் பழகினால் பேர் வைத்துச் சொந்தமாக்கிக்கொள்வது அங்கே வழக்கம். ஆனால் பேர் என்றால் ஏதாவது ஒரு குலத்தில் சேர வேண்டும், ஒருத்தர் தம்பி என்றோ மகன் என்றோ ஏற்க வேண்டும், அதனால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

நாலு நாள் லாரியில் ஏற்றினார்கள். தலைவர் ஒரு சுரைக்குடுக்கையில் கூழாங்கல் போட்டு மூட்டைக்கு ஒரு கல்லாக எண்ணினார், லதீர் அதைத் திரும்ப எண்ணினான், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாவது கல் விழுந்ததும் எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு களத்தின் வேலிக்கதவைச் சாத்தினார்கள். தெனிங்குக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

இனிமேல்தான் கெர் சீகாக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பைச் செய்தார்கள். அந்த ஊரில் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் கிடையாது. வாங்க வந்த ஏஜெண்டுக்கு, எடை போட்டவருக்கு, சாக்கு தைத்தவருக்கு, முப்பது லாரியின் டிரைவருக்கும் கிளீனருக்கும், சுமை தூக்கினவர்களுக்கு, கிளம்பும்போது வீட்டுக்கு வீடு ஒரு மூட்டையோ இரண்டு மூட்டையோ கையில் கொடுத்து அனுப்புவார்கள், அதற்குக் கைநிறைவு என்று பேர். விற்பனை மூட்டையைச் சணலில் தைப்பார்கள், கைநிறைவு மூட்டையின் வாயை ஆனைப்புளி மரத்தின் பட்டை நாரால் கட்டுவார்கள். முக்கியமான விஷயம், கைநிறைவை எண்ணக் கூடாது; கொடுத்ததை எண்ணுகிறவன் வீட்டில் அந்த ஊரார் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அந்த வருஷம் விற்பனையைக் குறைத்துவிட்டோமே, ஏஜெண்ட் என்ன நினைப்பாரோ, நம்மைக் கஞ்சப் பிசினாறிகள் என்று போய்ச் சொல்வாரோ என்று வீட்டுக்கு வீடு வெட்கப்பட்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொடுத்தார்கள். தெனிங்கும் கொடுத்தாள். வீடு தப்பித்த சந்தோஷத்தில் தன் துண்டு நிலத்தில் விளைந்ததில் பத்து மூட்டை, இரட்டை முடிச்சுப் போட்டு, ஏஜெண்டின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஆட்டுக்கயிறு திரிக்க நார் வேண்டுமென்று அவள் ஆனைப்புளி மரத்தடிக்குப் போனாள். மரத்தில் கை எட்டுகிற உயரம் வரைக்கும் பட்டையே இல்லை. அதற்கு மேலேயும், ஏணி போட்டு ஏறினால் எட்டுகிற உயரம் வரைக்கும் இல்லை. ஆறு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அந்த மரம் தோலுரித்து நின்றது, தெனிங் அதன் முன்னால் வாயைப் பிளந்து நின்றாள், நின்றவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

“ஏய், கைநிறைவு எத்தனை மூட்டை குடுத்தே?” என்று எதிர்ப்பட்ட முதல் பெண்ணைக் கேட்டாள்.

“என்ன கேள்வி இது? குடுத்ததை யாராவது எண்ணுவாங்களா?”

“இதுவும் கப்பல்லதானடி போகும்!”

டிரைவர்களும் கூலியாட்களும் இத்தனை மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், வழக்கம் போலத் துறைமுகத்துக் கிடங்கில் ஏஜெண்டிடமே தள்ளிவிட்டுப் போவார்கள், எல்லாம் ஒரே குவியலாகக் கப்பலேறும். இது புரிந்ததும் ஊரே கூடிவிட்டது. எத்தனை மூட்டை என்று யாருக்கும் தெரியாது, ஆனால் உரிந்த மரத்தைப் பார்த்தவர்களுக்கு அது இருபது இல்லை என்று தெரிந்தது, நூறும் இல்லை என்று தெரிந்தது. போய்த் திருப்பிக் கேட்கலாமா என்று ஒருத்தன் முனகினான்.

“குடுத்ததைத் திருப்பிக் கேட்ட ஊர்னு பேர் வாங்குறதுக்கு, சமுத்திரத்துல இறங்கிடலாம்,” என்றார் தலைவர் சேமூ, நிஜமாகவே மனசு ஒடிந்துபோய்.

“இறங்கப்போறது என் வீடு தலைவரே! நீங்க கிழக்கே உட்கார்ந்து ஈரமாகாம வேடிக்கை பார்ப்பீங்க!” என்று கத்திய தெனிங்குக்கு அழுகை வந்துவிட்டது. லதீர் அவள் தோளைத் தொட்டான், அவள் தட்டிவிட்டாள்.

டயர் பஞ்சராகி ஒரே ஒரு லாரி மட்டும் ஊரில் நின்றிருந்தது, அதன் டிரைவர் யேரோ சக்கரத்தின் அடியில் படுத்தபடி இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தான். யேரோ ஃபுலா இனத்தான், மாடு மேய்க்கிற கூட்டம். கெர் சீகாக்காரர்கள் செரெர் இனம், உழுகிற கூட்டம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஆதிகாலத்திலிருந்து ஒரு கேலி முறை உண்டு, நம்மூர் மாமன் மச்சான் முறை மாதிரிதான், ஆனால் அதைவிடக் காரம் அதிகம்: பார்த்த உடனே திட்ட வேண்டும், நீ என் அடிமை, நீ என் வீட்டுத் திருடன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டும், கோபப்படுகிறவன் தோற்றான், அதுமட்டுமில்லை, ஒருத்தர் கையிலிருக்கிற பொருளை இன்னொருத்தர் பிடுங்கிக்கொள்ளலாம், பிடுங்கினால் அது களவும் இல்லை, யாசகமும் இல்லை, முறை.

“என்னடி என் அடிமையே, வீட்டுக்குள்ளே மீன் பிடிக்கப்போறியாமே?” என்றான் யேரோ, லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி.

“போடா பால் திருடா,” என்றாள் தெனிங், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சொன்னவள் சட்டென்று அவனை உற்றுப் பார்த்தாள். “யேரோ, உனக்கு அப்புறம் உங்க அம்மா ஆம்பளைப் பிள்ளை பெத்தாளா?”

“இல்லை, என்னைப் பார்த்ததும் போதும்னு நிறுத்திட்டா. ஏன்?”

“டயரைச் சீக்கிரம் மாட்டு. துறைமுகத்துக்குப் போகணும்.”

ஃபுலாக்காரர்களுக்குப் பிள்ளைகளின் பேர் வரிசைப்படிதான் வரும். மூன்றாவது பையன் டெம்பா, நாலாவது பையன் யேரோ, ஐந்தாவதாக ஒருத்தன் பிறந்தால் அவன் பாத்தே. யேரோவின் வீட்டில் அந்த ஐந்தாவது பேர் ஆளில்லாமல் கிடந்தது. லாரியில் போகும்போது தெனிங் விஷயத்தைச் சொல்லச் சொல்ல யேரோ சிரித்த சிரிப்பில் லாரி இரண்டு தடவை ரோட்டை விட்டு இறங்கியது.

துறைமுகத்துக் கிடங்கில் மூட்டைகள் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. மறுநாள் மத்தியானம் கப்பலில் ஏற்ற வேண்டும். பொன்னுரங்கம் கையில் அட்டையும் பேனாவுமாக நின்றவர் தெனிங்கைப் பார்த்ததும் ஓடி வந்து கும்பிட்டார், இந்த ஊர்ப் பெண் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே, ஏதாவது சண்டையோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

“பேர் வேணும்னு கேட்டீங்களே,” என்றாள் தெனிங். “கொண்டுவந்திருக்கேன்.”

யேரோ கோலாக் கொட்டையை உடைத்துச் சுற்றி நின்ற சுமைதூக்கிகளுக்கெல்லாம் சாட்சியாக ஆளுக்கொரு துண்டு கொடுத்தான், பிறகு ஏஜெண்டின் காதில் வாயை வைத்து மூன்று தடவை பேரைச் சொன்னான், நிமிர்ந்து கிடங்கே அதிரும்படி, “இவன் என் தம்பி! என் அம்மா வயித்துல அஞ்சாவது! பேர் பாத்தே!” என்று கத்தினான். சுமைதூக்கிகள் கை தட்டினார்கள். பொன்னுரங்கம் அந்தப் பேரை வாய்க்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், அவர் கண் நிறைந்துவிட்டது, இரண்டு வருஷமாக ஏஜெண்ட் ஏஜெண்ட் என்று கேட்டுக் கேட்டுத் தன் பேரே தனக்கு மறந்துபோன மாதிரி ஒரு தனிமையில் இருந்த மனுஷர்.

அவர் கண்ணைத் துடைப்பதற்குள் தெனிங் முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டாள்.

“அடேய் பாத்தே! மாட்டுச் சாணிப் பயலே! என் அடிமைக்கு இவ்வளவு மூட்டை எதுக்குடா?” என்று கத்திக்கொண்டே குவியலில் பாய்ந்து, நார் கட்டிய முதல் மூட்டையை இழுத்துத் தோளில் போட்டாள்.

“அம்மா, அம்மா, அது சரக்கும்மா! நாளைக்குக் கப்பல்!”

“அம்மாவா? யாருடா உனக்கு அம்மா? பேர் வாங்கினா சும்மாவா? இனிமே உன் வீட்டுல என்ன இருந்தாலும் நான் பிடுங்குவேன், என் வீட்டுல என்ன இருந்தாலும் நீ பிடுங்கு. அதுதான் முறை. கோபம் வருதா? வந்தா சொல்லு, பேரைத் திருப்பி வாங்கிக்கிறேன்!”

பொன்னுரங்கம் யேரோவைப் பார்த்தார், யேரோ இரண்டு கையையும் விரித்து, “தம்பி, நம்ம குலத்துக்கு வாய்ச்சது அப்படி,” என்றான். அவருக்குப் புரிந்தது. திண்டிவனத்தில் அவர் மச்சான், அவர் ஆசையாக வளர்த்த சண்டைக்கோழியைப் பட்டப்பகலில் பிடித்துக்கொண்டு போய்க் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்று ஆளும் அனுப்பியிருக்கிறான், அன்றைக்கு இவர் வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஊரை விட்டு வந்த இந்த இரண்டு வருஷத்தில் தன்னிடம் உரிமையோடு ஒருத்தர் பிடுங்குவது இதுதான் முதல் தடவை. கம்பெனி தோலை உரிக்கும் என்பது ஞாபகம் வந்தது, வந்தும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “திருடி!” என்று கத்தினார், சந்தோஷம் பொங்க. “கொள்ளைக்காரி! உன் ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?” சுமைதூக்கிகள் ஆரவாரம் செய்தார்கள், புதுப் பையன் முறையைப் பிடித்துக்கொண்டான் என்று அவர்களுக்கும் பெருமை, அத்தனை பேரும் சேர்ந்து நார் கட்டிய மூட்டைகளைத் தேடித் தேடி யேரோவின் லாரியில் ஏற்றினார்கள், தெனிங் எண்ணவில்லை, லாரி நிறைந்து கயிறு போட்டு இறுக்கினதும் நிறுத்தினாள்.

கிடங்கின் மூலையில் நார் கட்டிய மூட்டைகள் இன்னும் பத்து கிடந்தன. இரட்டை முடிச்சு.

“அதையும் தூக்கு,” என்றான் யேரோ. “இருபது முழத்துல பத்து போயிடும்.”

“நான் குடுத்ததை நானே பிடுங்கறதா? சீ! மத்தவங்க குடுத்ததைப் பிடுங்கினா முறை, என்னோடதை நானே பிடுங்கினா அது எச்சி. போனாப் போகட்டும் பத்து முழம்.” அவள் அந்த மூலைப் பக்கம் திரும்பாமல் லாரியில் ஏறினாள்.

கப்பலில் விழுந்த ஓட்டையைப் பொன்னுரங்கம் வேறு ஊர்களில், நகராத ஊர்களில், ராத்திரி பூராவும் அலைந்து வாங்கி நிரப்பினார். கப்பல் கிளம்புகிற அன்று காலையில் அவர் துறைமுகத்தில் இல்லை. கெர் சீகாவின் மேற்குக் கோடி வீட்டில், மண்சுவரின் மேல், தெனிங்குக்கும் லதீருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார், சொந்தக்காரன் வேறெங்கே இருப்பான்.

ஊர் உலுக்கிக்கொண்டு கிளம்பியது. அடுப்புகள் அணைந்திருந்தன, குடங்கள் இடுப்பில் இருந்தன, ஆனால் அந்தத் தடவை யாரும் வீட்டுக்குள் உட்காரவில்லை, கிழக்குக் கோடியிலிருந்து தலைவர் சேமூ உட்பட அத்தனை பேரும் மேற்கே வந்து தெனிங்கின் வாசலில் குவிந்து நின்றார்கள். ஆயிரம் முழம் போனது, சமுத்திரத்தின் இரைச்சல் கேட்டது. இரண்டாயிரம் முழம் போனது, உப்புத் துளி முகத்தில் அடித்தது. இரண்டாயிரத்தைந்நூறு, எண்ணூறு, தொள்ளாயிரம், அலையின் உள்ளே மிதந்த பாசிகூடக் கண்ணுக்குத் தெரிந்தது, இதுவரை பதில் பேசாத லதீர், “தெனிங், உன்னை உங்கம்மா வீட்டுப் பக்கத்திலேயே விட்டிருக்கணும்,” என்று சொன்னான், அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊர் நின்றது.

தெனிங் சுவரிலிருந்து குதித்து, குனிந்து, வாசல்படியிலிருந்து ஈரமணல் வரைக்கும் தன் கையாலேயே முழம் போட்டாள். பத்து. ஒரு முழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போது எழுந்த கூச்சலில் மீன்பிடிப் படகுக்காரர்கள் கரையில் சண்டை என்று நினைத்துத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்தவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள்.

சாயங்காலம் பொன்னுரங்கம் கிளம்பினார். அங்கேதான் ஊருக்கு மறுபடி தர்மசங்கடம். இத்தனை செய்த மனுஷன், அதிலும் இப்போது சொந்தம், அவரை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? மூட்டை தூக்க ஒவ்வொருத்தர் கையும் துறுதுறுத்தது. இவர் என்றைக்காவது சமுத்திரம் தாண்டிச் சொந்த ஊருக்குப் போகிற ஆள், இவர் கையில் ஒரு மூட்டை என்றால் ஒரு முழம். நின்று நின்று பார்த்துவிட்டுத் தெனிங்தான் அவர் சட்டையைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தாள்.

“கையில குடுக்க மாட்டோம். இங்கேயே தின்னுட்டுப் போ.”

வீட்டுக்கு வீடு கொண்டுவந்தார்கள். வேகவைத்தது, வறுத்தது, மணலில் சுட்டது, வெல்லப்பாகில் உருட்டியது, அரைத்துக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றியது. பொன்னுரங்கம் தின்றார். “பஞ்சத்துல அடிபட்ட பாத்தே!” என்று கேலி செய்தார்கள், “உங்க ஊர் விஷத்தையெல்லாம் நான்தான் தின்னு தீர்க்கணுமா?” என்று திருப்பிக் கேட்டார், இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மறுபடி தின்றார். கிளம்பும்போது சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி, ஒரு பருப்பும் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

அந்தப் பத்து முழத்தோடு கப்பல் வியாபாரம் முடிந்தது. கெர் சீகாவில் செக்கு வைத்தார்கள், எண்ணெய் தலைநகரம் வரைக்கும் போனது, மின்சாரக் கம்பம் வந்து நின்றது, கிணற்றைச் சுற்றி முதல் தடவையாகச் சிமெண்டுச் சுவர் கட்டினார்கள். பொன்னுரங்கம் மாதம் ஒரு தடவை வந்து, தெனிங்கைத் திட்டிவிட்டு, அவள் வீட்டில் எதையாவது பிடுங்கித் தின்றுவிட்டுப் போவார். ஒன்றரை வருஷம் அப்படி வந்தார். பிறகு இரண்டு மாதமாகக் காணோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெனிங் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன, கோழிகள் ஒரு அடி பின்னால் நடந்தன, பிறகு எல்லாம் நின்றுவிட்டது. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். எந்தக் கப்பலும் இல்லை, யாரும் ஒரு மூட்டையும் விற்கவில்லை, தலைவர் சேமூ குடும்பத்துக்குக் குடும்பம் அதட்டிக் கேட்டுப் பார்த்தார். தெனிங் எழுந்து போய் வாசல்படியிலிருந்து ஈரமணல் வரைக்கும் முழம் போட்டாள், ஒன்பது முழம் போட்டுவிட்டு, பத்தாவது முழத்தில் நாலு விரல் குறைவதைப் பார்த்தாள், அப்படியே மணலில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.

“பாத்தே விமானம் ஏறிட்டான்,” என்றாள். “இங்கே தின்ன கடலை அவன் உடம்புல ஒட்டாமலா போகும்? இருக்கட்டும். மச்சானுக்கு நாலு விரல் குடுக்கலாம்.”